பாலத்தை அன்பளிப்பாகக் கொடுப்பதென்றால்

ஒரு பழைய ரயில் பாலத்தைக் கொண்டாடி அன்பளிப்புக் கூடை ஒன்று தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் பாலத்தின் படம். உள்ளே பிஸ்கட் டின், தேயிலைப் பொட்டலம், படம் போட்ட கோப்பை, ஒரு சாவிக்கொத்து. சுற்றிலும் கண்ணாடித்தாள், மேலே ரிப்பன். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் கடை வாசலில் அடுக்கி வைக்கும் ஹேம்பர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பழம்பாலங்களின் பெயரில் பொருள் விற்பது உலகமெங்கும் நடக்கிறது. பாம்பனுக்கும் வரும், பேராக்கின் காராய் பாலத்துக்கும் வரலாம், சயாமில் எப்போதோ வந்துவிட்டது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அப்படியொரு கூடை வரட்டும், நல்லதுதான். ஆனால் மூடியில் இருக்கும் பாலத்தை யார் கட்டினார்கள், அதை ஒட்டி யார் வாழ்கிறார்கள் என்ற சேதி கூடைக்குள் இல்லையென்றால் அதற்குப் பாலத்தின் பெயரை வைக்கக்கூடாது. பிஸ்கட்டை பிஸ்கட் என்றே விற்கட்டும்.

சுங்கை ரம்பாயில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஜாசின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டியிருக்கும் இந்த ஊருக்கு ரயிலும் கிடையாது, ரயில் பாலமும் கிடையாது. அக்கறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. நமக்குத் தெற்கே மூவாரில் 1890இல் ஓடத் தொடங்கிய ஒரு சின்ன ரயில் 1929இல் நின்றுபோனது. வடக்கே தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்கு 1905இல் கிளைப்பாதை திறந்தார்கள். அது நஷ்டத்தில் மூடப்பட்டதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைக்காகக் கொண்டுபோய்விட்டார்கள். போர் முடிந்தும் அது திரும்பி வரவில்லை. இன்றைக்கும் மலாக்கா மாநிலத்தார் ரயில் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் புலாவ் செபாங்குக்குத்தான் போகவேண்டும். இரும்பு மட்டும் போகவில்லை, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களும் போனார்கள். பால்மரக் காட்டிலிருந்தும் லயத்திலிருந்தும், ஆசை காட்டிச் சிலரையும் பிடித்து ஏற்றிப் பலரையும் கொண்டுபோனார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ரயில் பாலம் ஒன்றின் படத்தை அலங்காரமாக மட்டும் பார்க்கும் வசதி இந்த வரலாறு உள்ள நமக்குக் கிடையாது.

முதலில் அந்தச் சயாம் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டியவர்களை வெளியே விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் கொண்டாடினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் பாதை, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர், அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவா என்று ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தைத் தொடுவார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1943இன் மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளின் முகாமிலாவது சொந்தப் படையின் மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்தில்லாமலே போராடினார்கள். தோட்டத்து ஆட்களின் முகாமில் பெரும்பாலும் அதுவும் இல்லை. அந்தப் பாதையில், காஞ்சனாபுரியில் இன்று நிற்கும் இரும்புப் பாலத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பெரும்பாலான சட்டகங்களின் மேல்விளிம்பு வளைந்திருக்கும், அவை ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் இரண்டு மட்டும் கோணம் கோணமாக, நேர்விளிம்போடு நிற்கும். குண்டுவீச்சில் விழுந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை அவை. எந்தச் சட்டகம் எங்கிருந்து வந்தது என்பதுவரை இரும்பின் வரலாறு துல்லியமாக இருக்கிறது. ஆட்களின் வரலாறுதான் இல்லை.

அந்தப் பாலத்தின் பெயரில் சட்டை விற்கிறது, காந்தம் விற்கிறது, ஆண்டுதோறும் ஒலி-ஒளி விழா நடக்கிறது. உலகம் அதை அறிந்தது 1957இல் வந்த டேவிட் லீனின் ஆங்கிலப் படத்தால். அந்தப் படத்தை எடுத்தது சயாமில் அல்ல, இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில். பிரிட்டிஷ் கைதிகளும் ஜப்பானிய அதிகாரிகளும் கதையின் நாயகர்கள் ஆனார்கள். தமிழன் அதில் ஆளாகவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த கோடிக்கணக்கானோருக்கு அந்தப் பாதையை வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் போட்டார்கள் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. பாலத்தின் படத்தைத் தாங்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டுதான் போகிறது. தயாரிப்பவர் கதை எழுதாவிட்டால் ஏற்கெனவே பரவியிருக்கும் கதை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டைப்பெட்டியில் இரண்டு வரி எழுதுவதை நான் இவ்வளவு பெரிதாகப் பேசக் காரணம் அதுதான்.

இங்கே முதல் மறுப்பு வரும், நியாயமான மறுப்பும்கூட. அன்பளிப்பு என்பது சந்தோஷத்துக்காகக் கொடுப்பது. பிறந்தநாளுக்கும் பெருநாளுக்கும் கொடுக்கும் கூடையில் சாவுக் கணக்கை வைத்தால் வாங்குபவர் முகம் சுளிக்க மாட்டாரா? ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தைப் பாருங்கள். 1890 மார்ச்சில் திறந்த பாலம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பாலத்தின் படம் இல்லாத பரிசுப்பொருளே அந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்லலாம், வங்கித் தாளில்கூட வந்துவிட்டது. கட்டும்போது இறந்தவர்கள் 57 பேர் என்று நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் ஆர்வலர்கள் பழைய பதிவேடுகளையும் செய்தித்தாள்களையும் துழாவி அது 73 என்று கண்டார்கள், பெயர்களோடு. 2012இல் ஆற்றின் இரு கரையிலும் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழும்பியது. அதனால் அந்தப் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டம் குறைந்துவிடவில்லை. பரிசு வாங்குவதை யாரும் நிறுத்திவிடவில்லை. பாலத்தின் மேல் இருந்த பெருமிதத்துக்கு ஒரு முகம் கிடைத்தது, அவ்வளவுதான். நம் வீடுகளில் மட்டும் என்ன? தீபாவளிக்கு முன்னால் இறந்தவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைக்கிறோம். முன்னோர் நினைவும் பண்டிகைச் சந்தோஷமும் ஒன்றுக்கொன்று பகை என்று நம் பழக்கம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஃபோர்த் பாலத்துக்குப் பதிவேடு இருந்தது, பெயர் கிடைத்தது. நம் ஆட்களுக்கு எங்கே பெயர் இருக்கிறது, அட்டையில் எதை எழுதுவது? உண்மைதான். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறது. படைக்குப் பட்டியல் இருந்தது. தோட்டத்து ஆளுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கவில்லை. ஆனால் பெயர் இல்லை என்பதைச் சொல்வதும் சேதிதான். எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், ஏன் பெயர் பதியப்படவில்லை என்று நான்கு வரி எழுதினால் போதும், வெறும் அட்டையைவிட அது ஆயிரம் மடங்கு மேல். எழுதுவதற்குச் சரக்கும் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இருக்கிறது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இருக்கிறது. இரண்டும் இந்த மண்ணில் எழுதப்பட்டவை. அரசாங்கங்கள் மறந்திருந்த காலத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் மறக்கவில்லை. 2023இல் காஞ்சனாபுரியின் புத்த ஆலய வளாகம் ஒன்றில் தமிழர்களுக்கென்று நடுகல்லும் நட்டார்கள். போர் முடிந்து எழுபத்தெட்டு ஆண்டு கழித்து. தாமதம்தான், ஆனாலும் வந்தது.

துக்கத்தை மட்டுமே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் வாதத்துக்கு மிகவும் பொருந்தும் பாலம் பாம்பன். அதற்கு ஒரு கூடை செய்தால் மனம் நிறைந்து வாங்கலாம். 1914 பிப்ரவரியில் திறந்த பாலம், கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நடுவில் கப்பல் போக இரண்டாகப் பிளந்து தூக்கும் பகுதி, அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் வகுத்த முறை. மின்மோட்டார் எதுவும் கிடையாது. ஆட்கள் நின்று கம்பியைப் பிடித்துச் சுற்றச் சுற்ற, பல்சக்கரம் உருண்டு, இரும்புக் கை இரண்டும் மெல்ல எழும். நூறாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு கப்பலையும் அந்தக் கைகளின் வலிமைதான் அனுப்பி வைத்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ஒரு ரயிலே கடலில் போனது. பாலத்தின் கர்டர்கள் ஏராளமாக அடித்துப்போகப்பட்டன. தூக்குப்பகுதி மட்டும் தப்பி நின்றது. மாதக்கணக்கில் ஆகும் என்று மதிப்பிட்ட வேலையை இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். எல்லாருக்கும் தெரிந்த கதை அது. கடலடியில் கர்டர் கிடக்கிறது என்ற தகவல் மீனவரிடமிருந்து வந்தது, விழுந்ததையே எடுத்து மறுபடி பொருத்தியதால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது அதே கதையின் பாதி. பாம்பன் கூடையில் ஸ்ரீதரன் பெயர் இருக்கட்டும், அந்த மீனவர்களும் இருக்கட்டும், தூக்குப்பகுதியைச் சுற்றிய கைகளும் இருக்கட்டும்.

கூடைக்குள் வைக்கும் பண்டமும் அந்த மண்ணிலிருந்தே கிடைக்கும், தேடி அலைய வேண்டாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கிறது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். குட்டையாக, உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். பனையோலைப் பெட்டி இருக்கிறது, கூடையே அதுவாக இருந்துவிட்டுப் போகட்டும், பிளாஸ்டிக் தாள் எதற்கு? பிறகு கருப்பட்டி. இதைச் சொல்லும்போது மலாக்காக்காரருக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அங்கே பனை ஏறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள், அரைவட்டமாக வரும். இங்கே தென்னம்பாளையைச் சீவி நீராவை இறக்கி, அதே மாதிரி காய்ச்சி, மூங்கில் குழலில் ஊற்றுகிறார்கள். உருளையாக வரும், அதுதான் கூலா மலாக்கா. கடலின் இரு கரையிலும் ஒரே கைவேலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம்மவர்கள் கருப்பட்டியை அங்கே விட்டுவிட்டு இங்கே கூலா மலாக்காவுக்குப் பழகிக்கொண்டார்கள். பாம்பன் வழியாக ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு வெல்லத்தையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரு சீட்டில் இந்தக் கதையை எழுதினால், அதைவிடப் பொருத்தமான தீபாவளி அன்பளிப்பு மலாக்காவில் எதுவும் இருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

பாம்பன் விஷயத்தில் அவசரமும் இருக்கிறது. 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. பக்கத்திலேயே செங்குத்தாக மேலெழும் தூக்குப்பகுதியோடு புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. இனிப் பழையது படத்திலும் பண்டத்திலும்தான் வாழப்போகிறது. கம்பி சுற்றிய ஆட்களைப் பற்றி இன்று எழுதாவிட்டால், ஐம்பதாண்டு கழித்துக் கூடை செய்பவர் ‘தானாகத் திறந்த அதிசயப் பாலம்’ என்று எழுதி வைப்பார்.

நம் நாட்டுக்கு வருவோம். பேராக்கில் கோல கங்சார் பக்கம் காராய் விக்டோரியா பாலம், 1897இல் தொடங்கி 1900இல் சுல்தான் இத்ரிஸ் திறந்து வைத்தது. செங்கல் தூண்கள்மேல் இரும்புச் சட்டகங்கள். ஈயம் ஏற்றிப்போகப் போட்டது. 2002இல் பக்கத்தில் புதிய பாலம் வந்ததும் ரயில் நின்றது. இப்போது மோட்டார்சைக்கிளும் நடப்பவர்களும் போகிறார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கூடை செய்வதானால் பக்கத்துச் சாயோங் கிராமத்தின் கறுப்பு மண்குடம், லாபு சாயோங், கட்டாயம் இருக்க வேண்டும். கோல கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, அதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கலாம். நம் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட மரமல்லவா?

இதற்கு வரும் மறுப்பு வேறு மாதிரி. வெள்ளைக்காரன் தன் ஈயத்தைக் கொண்டுபோகப் போட்ட பாலம், அவன் ராணியின் பெயரைத் தாங்கிய பாலம், அதை நாம் எதற்குக் கொண்டாட வேண்டும்? கேள்வி கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாலத்தை ராணியிடமே விட்டுவிடுவதுதான் அதற்குப் பதிலா? இந்த நாட்டின் முதல் ரயில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடியது, அந்தப் பாதையைப் போட வந்தது இலங்கையிலிருந்து வரவழைத்த பயனீர் படை. பிறகு மலாயா ரயிலில் மண் வெட்டியவர்கள், கட்டை அடுக்கியவர்கள், பாதை பார்த்தவர்கள் என்று தமிழர்கள் திரளாக இருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் கிளார்க்குமாக யாழ்ப்பாணத்தார் நிறைய இருந்தார்கள். லாபம் வெள்ளைக்காரனுக்குப் போனது, உழைப்பு நம்முடையது. உழைத்தவன் பேரன் அந்தப் பாலத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதில் அடிமைத்தனம் எதுவுமில்லை. ராணியின் பெயரை மட்டும் அச்சடித்து, உழைத்தவனை விட்டுவிட்டு அந்தக் கூடையை வாங்கினால்தான் அது அடிமைத்தனம்.

அப்படியானால் சயாம் பாலத்துக்கும் ஒரு கூடை செய்யலாமா? இங்கே நான் கோடு போடுகிறேன். ரிப்பன் கட்டிய கூடை கூடாது. காராயிலும் பாம்பனிலும் உழைப்பு கொடுமையாக இருந்திருக்கலாம், ஆனால் பாலம் மக்களுக்குப் பயன்பட்டது, தலைமுறைகள் அதில் பயணம் போனார்கள். சயாமில் பாதையின் நோக்கமே போர், அதைப் போட்டவர்கள் ஓய்ந்து விழும்வரை வேலை வாங்கப்பட்டவர்கள். அந்தப் படத்தைப் பிஸ்கட் டின்மேல் ஒட்டுவது சரியில்லை. அங்கே போய்வருபவர்கள் ஏதாவது வாங்கிவர ஆசைப்பட்டால் ஒரு புத்தகம் வாங்கட்டும், நடுகல்லின் படம் ஒன்றை எடுத்துவரட்டும். காஞ்சனாபுரியில் பிழைக்கும் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அவர்கள் ஊரில் ரத்தினக் கற்களும் இருக்கின்றன, அருவிகளும் இருக்கின்றன. அவற்றை வைத்து நன்றாகப் பிழைக்கலாம். மரணப் பாதையை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்பதில்லை.

கடைசியாக வியாபாரிகள் கேட்பது: இதெல்லாம் சேர்த்தால் விலை ஏறாதா? ஏறாது. சீட்டு ஒன்று அச்சடிக்கச் சில காசுதான் ஆகும். இறக்குமதி பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டு உள்ளூர்க் கூலா மலாக்காவை வைத்தால் விலை குறையக்கூடச் செய்யலாம், காசும் நம் பக்கத்துக் கம்பத்துக்கே போகும். கஷ்டம் பணத்தில் இல்லை. சீட்டில் எழுதச் சரியான தகவல் வேண்டும், அதைத் தேடிச் சரிபார்க்க ஒருவர் உட்கார வேண்டும். கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாத வேலை அது.

அந்த வேலையை நாம் செய்யலாம். மலாக்காவிலும் மூவாரிலும் தம்பினிலும் இருக்கும் வாசகர்களே, உங்கள் தாத்தாவோ பூட்டனோ ரயிலில் வேலை பார்த்திருந்தால், தண்டவாளம் பெயர்த்த காலத்தில் இருந்திருந்தால், சயாமுக்குப் போய்த் திரும்பியிருந்தால், திரும்பாமல் போயிருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, படம் எது இருந்தாலும் பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த தீபாவளிக்குக் கூடை செய்ய நினைக்கும் வியாபாரி யாராவது இதைப் படித்தால், சீட்டை முதலில் எழுதி முடியுங்கள், பிறகு ரிப்பன் வாங்கப் போங்கள்.